செல்கள் நின்ற நாள்

என்னங்க,

நம் மகளின் ரத்தத்திலிருந்து எடுத்து ஆய்வகத்தில் நான் வளர்த்த புற்றுச் செல்கள் இன்று புது மருந்துக்கு அடங்கிவிட்டன. ஒரு செல் தன் டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்கும் முன், இப்போது இரண்டாகப் பிரியத்தான் வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளும். அவளுடையவை பார்க்கவேயில்லை, ஓயாமல் நகலெடுத்துப் பெருகின.

"அதுங்களுக்கு நிறுத்தவே தெரியாதாம்மா?" என்று மருத்துவமனையில் கேட்டாள்.

"நான் நிறுத்திக் காட்டுறேன்டா கண்ணு" என்றேன்.

அந்தப் பிடிவாதத்தில்தான் அவளுடைய கடைசி நாளன்றும் ஆய்வகத்திலேயே இருந்தேன். நீங்கள் மூன்று முறை போன் செய்தீர்கள். நான் கையுறையைக் கழற்றவில்லை.

இன்று எல்லோரும் கைதட்டினார்கள். ஐந்து மாதம் தாமதம் என்று யாரும் சொல்லவில்லை.

நீங்கள் வீட்டைவிட்டுப் போனதில் தப்பில்லை. அன்று அவள் என்னைத் தேடினாளா என்று மட்டும் எழுதுங்கள். இல்லை என்று பொய் சொன்னாலும் நம்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவள் அம்மா