அளவுக்கு வந்த கை

அருள்புரம்
3.2.1986

என் மாமாவுக்கு உங்க ரங்காத்தாள் எழுதறதுங்க. இங்க எல்லாரும் சொகம்.

பனியன் கம்பெனியில பக்கத்து மெசின் நூர்ஜான் அக்கா, மெசின் மேலயே ரேடியோ வெச்சுக்கறாங்க. கிரிக்கெட் இங்கிலீசு நமக்கென்னங்க தெரியும்? 'லிங்கசாமி'ன்னு காதுல விழுந்தாப் போதும், காலு பெடலை விட்டு எறங்கிருது. "உம் புருசன் பந்தைப் புடிக்கறான், நீ துணியை உடறே"ங்கறாங்க அக்கா. பஞ்சு பறக்கறது சினிமாவுல பனி எறங்கறாப்புலயே இருக்குதுங்க.

கீப்பிங் கிளவுஸுக்கு உள்ள போடறது நைஞ்சிருக்கும். எப்பவும்போல இடது கையைக் காயிதத்துல வெச்சு, சுத்தி கோடு இழுத்து அனுப்புங்க. பனியன் துணியிலயே தெச்சுடறேன்.

உங்க,
ரங்காத்தாள்


மெல்போர்ன்
8.12.1991

அன்புள்ள ரங்காவுக்கு,

நலம். பொங்கல் கழிந்த வாரம் எனக்கு ஐம்பதாவது டெஸ்ட். அதற்குப் புது ஜோடி வேண்டும். கையை வரைந்து வைத்திருக்கிறேன். விரலில் அடி என்று பேப்பரில் போட்டால் நம்பாதே, வலியே இல்லை. இரண்டாவது கீப்பராக வந்திருக்கும் ஹைதராபாத் கைருதீன் நல்லவன். மூன்று டூராக வெளியில் உட்கார்ந்தே இருக்கிறான், பாவம்.

அன்புடன்,
லிங்கசாமி


அருள்புரம்
22.12.1991

மாமா,

காயிதம் வந்த அன்னிக்கு காதர்பேட்டை போயிருந்தேனுங்க. திரும்பறப்ப பஸ்ஸுல ஒரு ஆடு. அதுக்கும் டிக்கெட்டுங்கறாரு கண்டக்டரு. ஆட்டுக்காரரு, "மடியில வெச்சுக்கறனுங்க, கொழந்தையாட்ட"ங்கறாரு. கடைசியில டிக்கெட்டை ஆடே தின்னுருச்சு! சிரிச்சுக்கிட்டே ஊடு வந்துதான் பிரிச்சேன்.

கோட்டுல கத்திரி போகலைங்க. எட்டு வருசமா உங்க கையை வெட்டறவ நான். சுண்டு வெரலு வெளிய சாஞ்சிருக்கும், மோதர வெரலு முட்டி பொடச்சிருக்கும். இதுல அஞ்சும் வெண்டைப் பிஞ்சாட்ட நேரா நிக்குது. வீங்குன கையை நாங் கண்டுபுடிச்சுருவேன்னு கைருதீன் கையை வெச்சு வரைஞ்சீங்களா? ஒடஞ்சிருக்குதுங்களா?

அம்பதாவது பெருசுதானுங்க. ஆனா இன்னும் நாப்பது வருசம் அந்தக் கையில சோறு வாங்கோணும், சட்டைப் பொத்தான் போடோணும்.

மத்தியானம் மெசின் மேலயே கண்ணசந்துட்டேன். வெள்ளைத் துணி பல்லடம் ரோடு முச்சூடும் விரிஞ்சு கெடக்குது. நீங்க வெறுங்கையோட அது மேல நடந்து வாறீங்க. கை தட்ட ஒரு சனம் இல்லீங்க. அதுக்கு நீங்க மொகஞ்சுளிக்கவும் இல்லை.

வந்த அளவுக்கே தெச்சு அனுப்பிருக்கறேன். உங்க கை நொழையாதுங்க. யாரு கைக்கு நொழையுமோ அவங்களுக்கே குடுத்துருங்க.

ரங்காத்தாள்


அடிலெய்டு
24.1.1992

ரங்கா,

பார்சல் டெஸ்டுக்கு முதல் நாள் வந்தது. போட்டுப் பார்த்தேன், மோதிர விரல் பாதியில் நின்றுவிட்டது. அப்படியே எடுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் கையை நீட்டினேன். இரண்டு இடத்தில் முறிவு. "இத்தனை நாளா எப்படிப் பந்து பிடிச்சே?" என்று திட்டினார்.

கைருதீனுக்குக் கச்சிதமாக இருந்தது. "பாயி, எனக்கென்றே தைத்த மாதிரி இருக்கே, யார் தைத்தது?" என்றான். "அளவு தெரிந்தவள்" என்றேன்.

ஆட்டத்தைப் பெவிலியனில் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருஷமாகப் பந்தை மட்டுமே பார்த்திருக்கிறேன் போல. மைதானம் எவ்வளவு பெரிசு! எல்லைக் கோட்டோரம் கடல் பறவைகள் நடந்துகொண்டிருந்தன. அவன் முதல் கேட்ச் பிடித்தபோது எழுந்து நின்றேன். கட்டுப் போட்ட கையோடு தட்டத்தான் முடியவில்லை.

நாற்பத்தொன்பதோடு நின்றுகொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். பிப்ரவரி பதினைந்தாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். உன்னிடம் பொய் சொன்னதற்குக் கோபம் இருந்தால் ஸ்டேஷனுக்கு வராதே. பஸ் ஏறி ஊட்டுக்கு நானே வந்துக்கறேன்.

லிங்கசாமி