மைதிலிக்கு ஒரு டிரம்

இயேசு மரி சூசை துணை

காக்ஸ் டவுன், பெங்களூர்
8-11-1998

அன்பு மகன் குணசேகருக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், மெல்போர்னில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபத்தில் சொல்கிறோம். உன் அம்மா சத்தமாகச் சொல்கிறாள், நான் மனதுக்குள் சொல்கிறேன். ஏழு மாதமாக மகனோடு பேசாதவன் சத்தமாகச் சொன்னால் மாதாவே சிரித்துவிடுவாள். என் கையெழுத்தைப் பார்த்து யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று பயப்படாதே, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன் என்றால் நான் கத்திவிடுகிறேன், அதனால்தான் கடுதாசி. அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது. கோயில் படி ஏறினால் வலிக்கிறது, டிவி பார்க்கப் பக்கத்து வீட்டு ஜானகியின் மாடிக்கு ஏறினால் வலிப்பதில்லை, இது என்ன வியாதியோ டாக்டருக்கும் தெரியவில்லை. மழை இன்னும் விட்டபாடில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் அன்றைக்கு நீ போன் பண்ணி மைதிலி என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். வேறு மதம் என்றாய், நான் வாயைத் திறந்தேனா? இல்லை. எங்களைக் கேட்காமலே முடிவு பண்ணிவிட்டாய், அதற்கும் திறக்கவில்லை. பாங்கில் வேலை, சனி ஞாயிறு ஒரு பேண்டில் டிரம் அடிக்கிறாள் என்றாய் பார், எனக்கு என்ன பிடித்ததோ, மேளம் அடிக்கிறவதான் கிடைச்சாளா, அந்த டிரம்மோட அவ என் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று கத்திவிட்டேன். அவளும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அம்மா பிறகு சொல்லித்தான் தெரியும். ஜூனில் நீங்கள் அங்கேயே ரிஜிஸ்டர் பண்ணிக்கொண்டதை நான் போட்டோவில்தான் பார்த்தேன். நான் மனசில்லாதவன் இல்லை குணா, அந்தப் போட்டோவை அம்மா பூசைக்குப் போகும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறேன். கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் வருவதாக இருந்தது, இப்போது கேட்டால் பார்க்கலாம் என்கிறாயாம். பார்க்கலாம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம், அது நம் குடும்பத்துப் பேச்சு, என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார்.

உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் மைதிலியோடு பேசுகிறாள், எனக்குத் தெரியாமல் பேசுவதாக நினைப்பு. செப்டம்பரில் ஒருநாள் சோறு போடும்போது, பாவம் அந்தப் பொண்ணு, வந்தாலும் டிரம்ம தூக்கிட்டு வர முடியாதாம், ஒரு மாசம் அடிக்காம கை சும்மா இருக்காதாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் ரசம் ஊற்றச் சொன்னேன். மறுநாள் காலையில் மர மில்லுக்குப் போய் நன்றாகக் காய்ந்த பலா மரம் வாங்கிவந்தேன். மில்காரர் ஏனு சார், தபலா மாட்தீரா என்று கன்னடத்தில் கேட்டார், ஆமாம், தபலாதான் செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன், அவருக்கு எதற்கு நம் வீட்டு வழக்கு. வெளியிலிருந்து டிரம் வந்து வாசப்படி ஏறக் கூடாது என்றுதானே நான் சொன்னது? வீட்டுக்குப் பின்னால் என் ஷெட்டிலேயே பிறந்த டிரம்முக்கு அந்தச் சட்டம் செல்லாது.

இது ஸ்நேர் டிரம், முழங்கால் உயரத்தில் ஸ்டாண்டில் வைத்து அடிப்பது, அடியில் கம்பிச் சுருள் இருக்கும், தட்டினால் சர்ரென்று கேட்கும். நம் கோயில் பாட்டுக் குழுவில் அடிக்கிறானே டேவிட், அவன் டிரம்மைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து அளவெல்லாம் எழுதிக்கொண்டேன். இருபது பலாப் பட்டை அறுத்து, ஒவ்வொன்றின் ஓரத்தையும் ஒன்பது டிகிரி சாய்த்து இழைத்து, வட்டமாக நிறுத்தி ஃபெவிகால் போட்டு, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். ஒரு வாரம் காயவிட்டு வெளியே இழைப்புளி, உள்ளே வளைந்த உளி, பிறகு உப்புத்தாள், அதன்மேல் அரக்குப் பாலிஷ் மூன்று கை. மாவு அரைத்தால் இட்லியில் மரத்தூள், துணி காயப் போட்டால் துணியில் மரத்தூள் என்று உன் அம்மா நாள் முழுக்கத் திட்டினாள், ஆனால் யாருக்குச் செய்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, கெட்டிக்காரி. ஜானகி வந்து பார்த்துவிட்டு, அண்ணே, அரிசி டின் நல்லாருக்கு, மூடி எங்கே என்றாள்.

இனிமேல்தான் கூத்து. டேவிட் பதினாலு அங்குலத் தோல் வாங்கிவந்தான். தோல் என்று பேர்தான், பிளாஸ்டிக். வைத்து அழுத்தினால் பாதியில் சிக்கிக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. அளவு பார்த்து வாங்கத் தெரியாதா என்று அவனைத் திட்டித் திருப்பி அனுப்பினேன். மாற்றிக்கொண்டு வந்தான், அதுவும் இறங்கவில்லை. நானே கடைக்குப் போய், முப்பத்திமூணு வருஷம் பேட்டர்ன் ஷாப்பில் மர அச்சு செய்தவன் நான், எனக்கே அளவு சொல்லிக்கொடுக்கிறாயா என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா தையல் டேப்பால் அளந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள், என்னங்க, பதினாலுக்கு மேல வருதே என்கிறாள். உன் டேப் இழுத்துப்போச்சு என்று அதற்கும் ஒரு கத்து. அப்புறம்தான் என் ஸ்கேலைத் திருப்பிப் பார்த்தேன். அப்பா சாமி, அது ஃபாக்டரி ஸ்கேல்! வார்ப்பில் ஊற்றுகிற பித்தளை ஆறும்போது சுருங்கும், அதற்காக மர அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும், அதற்கென்றே கோடுகளைத் தள்ளித் தள்ளிப் போட்ட ஸ்கேல் அது. பார்வைக்குச் சாதாரண ஸ்கேல் போலத்தான் இருக்கும், ரிடையர் ஆன அன்று நண்பர்கள் ஞாபகத்துக்குக் கொடுத்தார்கள். அதை வைத்து அளந்து, சுருங்கவே போகாத பலா மரத்தில், கிட்டத்தட்ட கால் அங்குலம் பெரிய டிரம் செய்து வைத்திருக்கிறேன். உன் அம்மா சிரித்த சிரிப்பில் ஜானகி மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

நானும் சிரித்தேன். பிறகு ஷெட்டில் தனியாக உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை. வாழ்நாள் முழுக்க ஆறினால் சுருங்கும் என்று எதையும் கொஞ்சம் பெரிதாகவே செய்து பழகியவன் நான், வாயும் அப்படியே பழகிவிட்டது. அன்றைக்கு உன்னிடம் சொன்னதும் கோபம் ஆறினால் தானாகச் சின்னதாகிவிடும் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஏழு மாதம் ஆகியும் அது அப்படியே முழு அளவில் நிற்கிறது. தப்பு என்னுடையது. டேவிட்டிடமும் கடைக்காரரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன், உன் அம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளே ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். உங்களிடம்தான் பாக்கி. பாலிஷை எல்லாம் சுரண்டிவிட்டு நாலு நாள் சுற்றிலும் இழைத்தேன், இப்போது தோல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. எவ்வளவு இறுக்க வேண்டுமென்பதுதான் தெரியவில்லை, டேவிட் நன்றாக இறுக்கு என்கிறான், கடைக்காரர் தளர்த்து என்கிறார். அடிக்கிறவள் காதுக்குத்தான் அது தெரியுமாம், அதனால் திருகாமல் வைத்திருக்கிறேன்.

இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும் போன் பண்ணுவேன். நீ எடுக்காதே, மைதிலியை எடுக்கச் சொல். மன்னிப்பு கேட்க வேண்டியது அவளிடம், அதை நீ வாங்கிக் கொடுக்க முடியாது. நான் கத்த ஆரம்பித்தால் போனை வைத்துவிடலாம், திரும்பவும் பண்ணுவேன் என்று சொல்லிவை. ராத்திரி வேளைக்குச் சாப்பிடு, தலை குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. உங்கள் இரண்டு பேரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், வீடு நிறைய வாழுங்கள். டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, ஏர்போர்ட்டுக்கு நானே வருவேன். மறக்காமல் சொல், குச்சி மட்டும் கொண்டுவந்தால் போதும், டிரம் அவள் வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு
உங்கள் இருவருக்கும் அப்பா,
அலெக்சாண்டர்