செம்பனை ஓட்டுக் கல்

வியாழன், இரவு.

மூத்த பேரன் லூமுட்டில் மலேசியக் கடற்படையில் இருக்கிறான். இளையவன் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பேத்தி மாலதி ஈப்போவில் என்ஜினியருக்குப் படிக்கிறாள். செம்பனை எண்ணெய் ஆலையில் கழிக்கும் கொட்டை ஓட்டை ஜல்லிக்குப் பதிலாகச் சிமெண்டில் கலந்து, லேசான கல் செய்திருக்கிறாள். அதில் இன்னும் யாரும் சுவர் கட்டிப் பார்க்கவில்லை. என் சமையலறைச் சுவரைக் கட்டச் சொன்னேன்.

இன்று அவள் கற்களோடு வந்திருந்தாள். கொத்தனார் வந்து, ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

“பாட்டி, இது பிஸ்கட் லா! மழை பெஞ்சா ஊறிப்போயிரும்.”

மாலதி முகம் வாடிவிட்டது. “விடுங்க பாட்டி, செங்கல்லே வைக்கட்டும்” என்றாள்.

நான் கல்லை வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். “நாளைக்கு வந்து பாருங்க தம்பி. முழுசா இருந்தா இந்தக் கல்லுதான்.”

“ஊறிப்போச்சுன்னா?”

“என் சுவரு காத்திருக்கும். அவ வேற கல்லு செஞ்சு கொண்டாருவா.”

மாலதி வாடிய முகத்தோடேயே ஈப்போவுக்குச் சாயங்கால பஸ் ஏறிவிட்டாள். அந்த முகம்தான் கண்ணிலேயே நிற்கிறது. அலமாரியில் அவள் படம் இன்னும் பள்ளிச் சீருடையில் இருக்கிறது. நாளை போனில் சொல்ல வேண்டும்: கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாய், புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. கல் ஊறினாலும் சரி, அனுப்பு.