நிற்கும் வண்டியை மறந்தவள்

அன்புள்ள என் எஞ்சின் டிரைவருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இந்த முறை அதை ஒப்புக்கு எழுதவில்லை.

தேர்வில் தேறிவிட்டேன். ஆண்களெல்லாம் படைக்குப் போய்விட்டதால் சிக்னல் கேபினுக்கு எங்களைச் சேர்த்தார்களே, அந்தப் பெண்களில் முதல் மதிப்பெண் எனக்குத்தான். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

இந்தப் பயிற்சிப் பள்ளிக்கூடத்து மாடியில் நீள மேசை ஒன்று இருக்கிறது. அதன்மேல் குட்டித் தண்டவாளம், குட்டிக் கைகாட்டி, சாவி கொடுத்தால் ஓடும் வண்டிகள். சுவரோரம் இருப்பவை கைகாட்டியை ஏற்றி இறக்கும் நிஜ லீவர்கள். இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது. தப்பான லீவரை இழுத்தால் அசையாது, பூட்டிக்கொள்ளும். ஆனால் கைகாட்டி முன்னால் ஒரு வண்டி நிற்பதையே நாம் மறந்துவிட்டால், அதற்குப் பூட்டு கிடையாது. அதனால்தான் வண்டி அங்கே நிற்கிற நேரம் முழுவதும் ஞாபகத்துக்காக லீவர் பிடியில் ஓர் இரும்பு வளையம் மாட்டிவைக்கச் சொல்கிறார்கள்.

போன வாரம் நான் மாட்டவில்லை. அடுத்த வண்டி வரலாமா என்று பக்கத்துக் கேபின் மணி அடித்தது. வரலாம் என்று பதில் மணி அடித்தேன். மேசைமேல் நின்றிருந்த குட்டிக் கூட்ஸின் முதுகில் பாசஞ்சர் ஏறிவிட்டது. எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். வாத்தியார், "இங்க கவுத்தவ வெளியில கவுக்க மாட்டா, விடும்மா" என்றார். நானும் சிரித்துவைத்தேன். பிறகு குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். நீங்கள் ஓட்டுவதும் கூட்ஸ்தானே. மணி அடித்தபோது நான் தூங்கவில்லை, யாரோடும் வாயடிக்கவில்லை. கண்ணெதிரே நின்ற வண்டி மனசில் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். எப்படி என்று இன்னும் தெரியவில்லை. அதுதான் பயமே.

நேற்று உத்தரவு வந்தது. மலையடி வளைவுக் கேபின் எனக்கு. ஆமாம், சிக்னல் கிடைக்காமல் உங்கள் வண்டி தினமும் காத்துக்கிடக்கிற அதே இடம். "வீட்டுலதான் அவர நிக்க வெச்சே, இனி வெளியிலயுமா" என்று தோழிகள் கேலி செய்கிறார்கள். அம்மாவோ, "மாப்பிள்ளைய இனி நீயே பாத்துக்கலாம்டி" என்று பூரித்துப்போகிறாள். வேறு இடம் கேட்டுப் பார்த்தேன். ஆளே இல்லை, நீ போகாவிட்டால் யார் போவார்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். திங்கட்கிழமை போகிறேன்.

சிக்னலில் வண்டி நின்றால், கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனைக் கேபினுக்கு அனுப்பி, இங்கே நிற்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது விதி. நீங்கள் அனுப்புவதே இல்லை. "அங்க இருக்கறவனுக்குக் கண்ணு தெரியாதா" என்று வீறாப்பு பேசுவீர்கள். இனி அங்கே இருக்கப்போவது நான். மழை கொட்டினாலும், ஃபயர்மேன் முணுமுணுத்தாலும், பாவம் பார்க்காமல் அனுப்புங்கள். என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும். பொண்டாட்டிதானே, நம்மை மறப்பாளா என்று மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். மறந்துவிட்டாள் என்றே நினையுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கும்,
உங்கள் மனைவி