கல்லறையோரத்து யூ மரம்

அன்புள்ள உங்களுக்கு,

அக்கா வீட்டில் எல்லோரும் சுகமா? நம் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் அந்தப் பழைய யூ மரம் காய்ந்துகொண்டு வருகிறது. அடிமரத்தில் யாரோ துளை போட்டு விஷம் ஊற்றியிருக்கிறார்கள்.

நேற்று தேவாலயக் காரியங்களைப் பார்க்கும் திருமதி பாஸ்க் வந்திருந்தாள்.

"உன் வீட்டுக்காரர் என்னிக்கும்மா ஊருக்குக் கிளம்பினாரு?"

"திங்கட்கிழமை."

"அப்படியா? செவ்வாய்க்கிழமைதான் மரத்துப் பக்கம் துளை போடற சத்தம் கேட்டுச்சாம். அதான் கேட்டேன். மரத்தை வெட்டணும்னு மனு போட்டவர் அவரு ஒருத்தர்தானே."

"வேர் எங்க லெட்டிஸோட கல்லறைக் கல்லைச் சாய்க்குது. பெத்தவர் கேக்கமாட்டாரா?" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

நீங்கள் கிளம்பியது புதன்கிழமை. அவள் போனதும் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். துளைக்கருவியின் முனையில் செம்மண் நிறத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது. கழுவித் துடைத்து வைத்துவிட்டேன். யார் கேட்டாலும் திங்கட்கிழமை என்றே சொல்லுங்கள்.

கல் சாய்வது எனக்கும் தெரிந்ததுதான். வெயில் நேரத்தில் நம் குழந்தைமேல் அந்த மரத்தின் நிழல் விழும். அதற்காகத்தான் நான் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை. நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி