வலிக்காத சுண்டுவிரல்

மார்ச் 4

அக்கா,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே கத்திக்கொள்கிறோம். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

மாமா அனுப்பிய படத்தைப் பார்த்தேன். உன் வலது கால் என்று அவர் எழுதாவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். பெருவிரலுக்குக் கீழே தோல் பிளந்திருக்கிறது. குதிகாலில் வெடிப்பு. நகம் ஓரத்தில் சதைக்குள் இறங்கியிருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கராத்தே சொல்லிக்கொடுக்கிற மாஸ்டரின் கால் இப்படியா இருக்கும்? வகுப்பு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவு. விரல் இடுக்கில் ஈரம் நிற்காமல் துடை. நகத்தை நேராக வெட்டு, ஓரத்தைத் தோண்டாதே. பிளவு மூடும்வரை வெறுங்காலோடு பயிற்சி விரிப்பில் ஏறாதே.

ஒன்றுதான் புரியவில்லை. சுண்டுவிரல் ஏன் வெளியே திரும்பி நிற்கிறது? எப்போது அடிபட்டது? எவ்வளவு வலி? சுற்றி வளைக்காமல் எழுது.

தம்பி

மார்ச் 15

என் செல்லச் சிடுமூஞ்சிக்கு,

சுகமா என்று ஒரு வார்த்தை இல்லை, பழுதான இயந்திரத்துக்கு ரிப்போர்ட் எழுதியிருக்கிறாய். உன் மாமாவிடம் காட்டினேன். "உன் தம்பி உனக்கு எழுதலை, உன் காலுக்கு எழுதியிருக்கான்" என்று சிரிக்கிறார்.

அவர் நச்சரிப்புத் தாங்காமல் எக்ஸ்ரே எடுத்தேன். சுண்டுவிரல் முறிந்திருக்கிறதாம். எப்போது என்று எனக்கே தெரியாது. வலிக்கவே இல்லையடா! இத்தனை வருடம் காலை மணல் மூட்டையிலும் பலகையிலும் அடித்து அடித்துப் பழக்கியதற்கு இப்போதுதான் பலன். வகுப்பில் இதே பேச்சு. "வலிக்குதா?" என்று நான் கத்தினால் "இல்லை!" என்று கூரை அதிரப் பதில் வருகிறது. அந்த வரிசையில் நின்று "வலிக்குது" என்று சொன்ன ஒரே ஆள் நீதான். வெளியே போ என்றேன். போனவன் போனவன்தான்.

மே மாதம் எனக்குக் கராத்தேயில் அடுத்த படித் தேர்வு. காலால் பலகை உடைக்க வேண்டும். இனி என்ன பயம்?

வேறு விசேஷம் இல்லை. போன வருடம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல் என்றார்கள், டீயில் ஒரு ஸ்பூன் குறைத்துக்கொண்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 27

அக்கா,

முதலில் பொறாமையாக இருந்தது. எனக்கு வராதது உனக்கு வந்துவிட்டதே என்று. அப்புறம்தான் குழப்பம்.

இங்கே நான் பார்ப்பது பம்ப் பராமரிப்பு. ஒவ்வொரு பம்ப்பிலும் அதிர்வை அளக்க ஒரு சென்சார் இருக்கும். நேற்று ஒரு பம்ப் கடகடவென்று ஓடுகிறது, திரையில் அதிர்வு பூஜ்யம். மேலதிகாரிக்குச் சந்தோஷம். "பாத்தியா தம்பி, சுத்தமா ஆட்டமே இல்ல!" ஓடுகிற பம்ப்பில் பூஜ்யம் வராது. திறந்து பார்த்தேன், சென்சார் வயர் அறுந்து கிடந்தது. அதைக் கையில் பிடித்தபடி உன் சுண்டுவிரலை நினைத்துக்கொண்டேன்.

பழகினால் வலி குறையும், சரி. எலும்பு முறிந்ததே தெரியாமல் போகுமா? எனக்குத் தெரியவில்லை, நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தச் சர்க்கரையை நீ டீயோடு சேர்த்துக் கலக்கிவிட்டது பிடிக்கவில்லை.

ஒன்று செய். கண்ணை மூடிக்கொள். மாமா உன் கால் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக, அழுத்தாமல், சும்மா தொடட்டும். தொட்டதும் நீ சொல்ல வேண்டும். ஏமாற்றாதே.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். உன் மாமா தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்தேன்.

"என்னங்க, ஆரம்பிங்க."

கண்ணைத் திறக்காமலே அதட்டினேன்.

"விளையாடாதீங்க, அடுப்புல பால் இருக்கு."

"ரெண்டு காலும் முடிச்சிட்டேம்மா" என்றார்.

நான் நம்பவில்லை. மறுபடி தொடச் சொன்னேன். கண்ணைத் திறந்தால் அவர் விரல் என் விரல்மேல் இருக்கிறது. மூடினால் அங்கே ஒன்றுமே இல்லை. திறந்தேன், மூடினேன், திறந்தேன். பால் பொங்கி வழிந்துவிட்டது.

ஒன்றும் புரியவில்லையடா. எந்த வலியை நான் ஜெயித்தேன், எது தானாகக் கழன்று போனது? எந்த வருடத்திலிருந்து? பிள்ளைகள் என்னைப் பார்த்து வாய் பிளந்தார்களே, எதைப் பார்த்து? தேர்வுக்குப் போகவா வேண்டாமா? நீ கத்தினாலும் பரவாயில்லை, போன் செய்.

அக்கா

ஏப்ரல் 18

அக்கா,

நேற்று போனில் நான்தான் கத்தினேன். நீ கத்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மாமா உன்னைக் கூட்டிப்போன டாக்டர் சொன்னதையே மாமாவிடம் கேட்டு எழுதுகிறேன், நீ பாதி கேட்டிருக்க மாட்டாய். சர்க்கரை கால் நரம்பைத் தின்றிருக்கிறது. மாத்திரையை விடாதே. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதே. தினமும் உள்ளங்காலைக் கண்ணால் பார், கால் இனி தானாக உன்னிடம் சொல்லாது. அந்தப் பிளவில் சீழ் வைத்தால் விரலையே எடுக்க வேண்டி வரும். தேர்வு கிடையாது. மீறிப் போனால் நான் அங்கே வந்து பலகைகளையெல்லாம் ஒளித்து வைப்பேன்.

மெத்தென்ற ஷூ ஒன்று அனுப்பியிருக்கிறேன். அளவு மாமா கொடுத்தது. விரிப்பிலும் அதோடுதான் நிற்க வேண்டும். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே.

தம்பி

ஜூன் 9

தம்பிக்கு,

விரல் தப்பித்தது. பிளவு மூடிவிட்டது. தேர்வு நாளன்று உன் மாமா என்னைத் திரைச்சீலை வாங்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். யாருக்கு வேண்டும் திரைச்சீலை? வாங்கினோம். கண்றாவியான பச்சை.

நேற்று உன் ஷூவோடு விரிப்பில் ஏறினேன். செருப்போடு ஏறியவர்களை நான் என்ன பாடு படுத்தியிருக்கிறேன்! எல்லோரும் என் காலையே பார்த்தார்கள். உதைப் பயிற்சி நடந்தது. நடுவில் பழக்கதோஷத்தில் "வலிக்குதா?" என்று கத்திவிட்டேன்.

"இல்லை!"

யாருக்கு நிஜமாகவே வலிக்கவில்லை, யார் எனக்காகச் சொல்கிறார்கள்? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எல்லாரும் உக்காருங்க. உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க. இப்ப மெதுவா கேக்குறேன். வலிக்குதா?"

கடைசி வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள். பாதிதான் தூக்கினாள். நான் பார்த்ததும் இறக்கப் போனாள்.

"கொஞ்சம் வலிக்குது மாஸ்டர்."

வரிசையைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எங்க, காட்டு" என்றேன்.

உன் பெல்ட் இன்னும் வகுப்பு அலமாரியில்தான் தொங்குகிறது. லீவு கிடைத்தால் வா.

அக்கா