சாட்சிக் கூண்டில் உன் அப்பா

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இந்த ஒரு வரியை மனசார எழுத வேண்டும் என்றுதான் பன்னிரண்டு நாளாகப் பேனாவைத் தொடாமல் இருந்தேன், அதனால் போன துறைமுகத்தில் உனக்குக் கடிதம் கிடைத்திருக்காது, கோபித்துக்கொள்ளாதே. அந்தக் கப்பல் இன்ஜின் அறைச் சூட்டிலும் நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டு மேலே எழுதுகிறேன். நடுவில் படித்துப் பயந்துவிடக் கூடாது என்பதற்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. இனி நடந்ததைக் கேள்.

இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டு ரெக்கார்டு அறையில் மற்றவர்களுக்கு வழக்குக் கட்டு எடுத்துக் கொடுத்தவள் ஐம்பத்தொரு வயதில் பாரிஸ்டர் பயிற்சிக்குப் போகிறேன் என்றபோது சிரிக்காமல் இருந்தது நீயும் அப்பாவும் மட்டும்தான். படிப்பு எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று உனக்கே தெரியும். மதியம் இரண்டு மணி வரை வேலை, வாரத்தில் மூன்று சாயங்காலம் வகுப்பு, மிச்சம் மீதியில் வீடு. சட்டப் பிரிவுகளை எழுதிச் சமையலறை அலமாரிக் கதவுகளின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன், உப்பு எடுக்கத் திறந்தால் ஜாமீன், சர்க்கரை எடுக்கத் திறந்தால் மேல்முறையீடு. போன மாதம் ஒருநாள் அவசரத்தில் நோட்டுப் பைக்குப் பதில் துவைக்க வைத்த தலையணை உறைகளைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன். எங்கள் வாத்தியாரம்மா பார்த்துவிட்டு, "பரவாயில்ல, இங்கயே கொஞ்சம் தலை சாய்ச்சுக்கோங்க" என்றார்.

இந்தத் தவணையில் பெரிய பரீட்சை குறுக்கு விசாரணை. பயிற்சி வழக்கில் சாட்சி ஒரு வேன் டிரைவர், பின்னால் எடுக்கும்போது கடைக் கண்ணாடியை உடைத்தவர். அப்பா வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டுகிறவர் என்பதால் அவரையே சாட்சியாக்கி, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்பேன், அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வார். வாத்தியாரம்மாவின் சட்டம் ஒன்றுதான். ஒரு கேள்வியில் ஒரு விஷயம், ஆமாம் இல்லை என்பதைத் தவிர வேறு பதில் வரக் கூடாது, வேண்டியது கிடைத்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். வழக்குக் கட்டின்படி அவர் கிடங்கு வாசலில் என்று சொல்ல வேண்டும். அப்பா ஏதோ நினைவில், "ஆஸ்பத்திரியில" என்றார். சொன்ன உடனே, "தப்பா சொல்லிட்டேன், கிடங்கு, கிடங்கு" என்று அவசரமாகத் திருத்தினார். அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தேன். "போன செவ்வாய்க்கிழமை பத்து மணி டியூட்டின்னு சொன்னீங்க." "ஆமா." "யூனிஃபார்ம் இல்லாம பஸ் எடுக்க விடமாட்டாங்க." "விடமாட்டாங்க." "உங்ககிட்ட இருக்கிறது ரெண்டே செட்டு." "ஆமா." "ரெண்டரை மணிக்கு நான் வந்தப்போ ரெண்டும் ஈரமா கொடியில தொங்கிட்டிருந்துச்சு." எனக்குக் கேட்க இன்னும் நூறு இருந்தது, கேட்காமல் உட்கார்ந்துவிட்டேன். அப்பா தன் சட்டைக் காலர் பொத்தானைக் கழற்றி, என் விரலைப் பிடித்துக் கழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே பட்டாணி அளவில் ஒரு கட்டி. ஒரு மாதமாக இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை ஊசி போட்டுச் சதை எடுத்திருக்கிறார்கள், முடிவு வியாழக்கிழமை பதினொன்றரைக்கு. என் பரீட்சையும் அன்றைக்குத்தான். "உன் பரீட்சை முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் தாங்காது. பரீட்சையைத் தள்ளிப் போடுகிறேன் என்றேன். "நீ வந்து உட்கார்ந்தா ரிசல்ட்டு மாறிடுமா? ரெண்டு பேரும் உட்கார்ந்து ஃபேனைப் பார்க்கிறதுக்கு ஒருத்தராவது உருப்படியா எதையாவது செய்யலாம்" என்று அவர் ஒரே பிடியாக நின்றார். நான் அவரோடு மல்லுக்கட்டாமல் திங்கட்கிழமை பரீட்சை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி வரிசையை மாற்றும் வழக்கமே இல்லை என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி, எனக்குச் சலுகை வேண்டாம், எல்லோருக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டால் போதும் என்றேன். அவர் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு ஒன்பது மணிக்கு முதல் ஆளாகப் பெயரைப் போட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலையில் முதல் ஆளாக என்னைத்தான் கூப்பிட்டார்கள். பரீட்சை அறையில் சாட்சியாக வந்தவர் நல்ல வாயாடி. ஏழு கேள்வியில் அவர் வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்க்காமலேயே வண்டியைப் பின்னால் எடுத்தார் என்பது வந்துவிட்டது, அத்தோடு உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்து கருப்புக் கோட்டையும் கழுத்தில் கட்டிய வெள்ளைப் பட்டையையும் கழற்றக்கூட நேரமில்லாமல் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்தக் கோலத்தில் நான் அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லாமே முறைப்படிதாங்க பண்ணியிருக்கோம்" என்றார், பாவம். பிறகு தாளைத் திருப்பி, "பயப்பட ஒண்ணுமில்ல, வெறும் கொழுப்புக் கட்டிதான்" என்றார். அப்பா டாக்டரிடம், "எனக்குக் கொழுப்புன்னு இவ முப்பது வருஷமா சொல்லிட்டுதான் இருக்கா, நாந்தான் நம்பல" என்றார். நான் அந்த வெள்ளைப் பட்டையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டேன், அது அதற்காகத் தைத்ததில்லை என்று தெரிந்தும்.

பரீட்சை முடிவு இன்று காலை வந்தது. குறுக்கு விசாரணையில் தேறிவிட்டேன். முன்பே எழுதியிருந்த நடைமுறைச் சட்டத் தாளில் மூன்று மதிப்பெண்ணில் போய்விட்டது, மூன்று மாதம் கழித்துத் திரும்ப எழுத வேண்டும். வேறு சமயமாக இருந்தால் இரண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன். இன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டாம், நடுக்கடலில் இருக்கிற பிள்ளையை எதற்குக் கலக்க வேண்டும் என்று அப்பா இப்போதும் சொல்கிறார். எனக்குத் தெரியாமல் அவர் தனியாகப் பயந்துகொண்டிருந்த அந்த ஒரு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை, அதனால் ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். நீ எங்களுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தை இன்று மறுபடியும் எடுத்துப் படித்தேன். ஒரு பக்கக் கடிதத்தில் "நான் நல்லா இருக்கேன்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். நல்லா இருக்கிறவர்கள் ஒரு தடவைதான் சொல்வார்கள் கண்ணு. என்ன விஷயம் என்று எழுது, எவ்வளவு நீளமாக இருந்தாலும் நான் படிப்பேன்.

கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும், கூட வேலை செய்கிறவர்கள் நல்லவர்களாக அமையட்டும், நீ நூறு வயது நன்றாக இரு. காதுக்குப் பஞ்சு வைக்காமல் இன்ஜின் பக்கம் போகாதே என்று அப்பா சொல்லச் சொன்னார்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா